தும்மாத சேவல்

சலூன்காரர் காலையில் எழுந்ததும் முதலில் போவது வீட்டின் பின்பக்கத்துக்குத்தான். கூட்டின் தகரக் கதவைத் தூக்கியதும் கோழிகள் முண்டியடித்துக்கொண்டு வெளியே வரும். சேவல் மட்டும் கடைசியில், அவசரமே இல்லாமல் வரும். அதற்கு அவர் 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தார். ஒரு வேலையும் செய்வதில்லை, நாள் முழுக்க எல்லாரையும் அதட்டிக்கொண்டு நடக்கிறது, வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்பார்.

அன்றைக்கு மேனேஜர் வெளியே வந்ததும் தலையை ஓர் உதறு உதறித் தும்மியது.

"நேத்தும் இப்படித்தாங்க தும்முச்சு," என்றாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி.

"தவிட்டுத் தூசி மூக்குல ஏறியிருக்கும்."

"தூசிக்குக் கண்ணுல நுரை வருமா? நல்லாப் பாருங்க."

பார்த்தார். கண்ணோரத்தில் சோப்பு நுரை போல ஏதோ பொங்கி நின்றது. சேவலைத் தூக்கிக் காதருகே வைத்தபோது மூச்சு கரகரவென்று கேட்டது. கூட்டுக்குள் தலையை நீட்டியவர் சட்டென்று பின்வாங்கினார். தரையில் போட்ட உமி ஈரமாகி, மூக்கை எரிக்கும் நெடி. மழைச்சாரல் அடிக்கிறதென்று கம்பி வலையைச் சாக்கால் மூடிக் காற்றை அடைத்தது அவரேதான்.

"மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட காட்டிடலாங்க," என்றாள் மனைவி.

அங்கேதான் அவருக்கு இடித்தது. அவருடைய கடையில் நாற்காலியில் உட்காருகிறவர்கள் முடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் மேனேஜரைப் பற்றித்தான் கேட்பார்கள். தங்கள் கோழிகளுக்கு நல்ல குஞ்சு வேண்டும் என்கிறவர்கள் அதைக் கொஞ்ச காலம் இரவல் வாங்கிப் போவார்கள். அவரும் கைம்மாறு எதுவும் கேட்காமல் கொடுப்பார். திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் "சேவல்னா இதுதான்யா சேவல்" என்று சொல்லும்போது அவருக்குத் தலைகால் புரியாது.

"ஆஸ்பத்திரி வாசல்ல இதைத் தூக்கிட்டு நின்னா, சலூன்காரன் சேவல் சீக்குச் சேவல்னு நாளைக்கே ஊரெல்லாம் பேசும். என் மானம் கப்பலேறணுமா?"

"சேவலுக்குச் சளி பிடிச்சா உங்க மானம் ஏன் கப்பலேறுது?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தீவனக் கடையில் காதும் காதும் வைத்தாற்போல ஒரு மருந்துப் பாக்கெட் வாங்கி வந்து தண்ணீரில் கலக்கி வைத்தார். பாக்கெட் தீரும்வரை விடாமல் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் பாதி தீர்வதற்குள் தும்மல் நின்றுவிட்டது. கண் தெளிந்தது. மேனேஜர் சுவர்மேல் ஏறி நின்று, தெருவே எழுந்துகொள்ளும்படி கூவியது. மிச்ச மருந்தை மடித்துப் பரணில் போட்டார். எதற்கு வீணாக்க வேண்டும், அடுத்த தடவைக்கு ஆகும்.

அந்த வாரமே அவருடைய அக்கா வந்தாள். சில தெருக்கள் தள்ளித்தான் வீடு. கணவர் போன பிறகு அவளுக்குக் கைகொடுத்ததே கோழிகள்தான். முட்டைகளை ஒரு பேக்கரி வாடிக்கையாக வாங்கிக்கொள்கிறது. அவளுடைய சேவலை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டதாம்.

"மேனேஜரைக் கொஞ்ச நாளைக்குக் குடுடா தம்பி. இந்தத் தடவை நிறைய அடை வச்சு, பண்ணையைப் பெருசாக்கலாம்னு இருக்கேன்."

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் மனைவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

"உனக்கு இல்லாததா அக்கா? தாராளமாக் கொண்டு போ."

பிறகு அவர் அதை மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டார். அடுத்ததாகத் தேநீர்க் கடைக்காரருக்கும் சேவலைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் பாதி முகத்தை மழித்து முடித்திருந்த நேரத்தில் கைபேசி அடித்தது. அக்கா.

"தம்பி, என் கோழி அத்தனையும் தும்முதுடா! மூஞ்சி வீங்கிப் போய் நிக்குதுங்க. முட்டை பாதிகூட இல்ல. எல்லாம் அந்தப் பக்கத்து வீட்டுத் தையல்காரி பண்ண வேலை! தள்ளுவண்டிக்காரன்கிட்ட குஞ்சு வாங்கி, வேலி இடுக்குல என் பக்கம் விட்டிருக்கா. நீ உடனே வா."

சலூன்காரர் கைபேசியை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். மீதிப் பாதியை எப்படி மழித்தார் என்பது அவருக்கே தெரியாது. நல்லவேளை, காது தப்பியது.

அவர் போய்ச் சேர்ந்தபோது அங்கே டாக்டரம்மா ஒரு கோழியை மடியில் வைத்து மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலி இடுக்கைப் பலகை வைத்து அடைத்திருந்தாள் அக்கா. அந்தப் பக்கம் தையல்காரி கண் சிவந்து நின்றாள். இரண்டு பேரும் ஒரே கொடியில் துணி காயப்போட்டவர்கள், சாயங்காலத் தேநீரை ஒன்றாகக் குடித்தவர்கள். இப்போது கொடியை அறுத்துப் போட்டாயிற்று.

"என் குஞ்சுங்க நல்லாத்தான் இருக்குன்னு எத்தனை தடவை சொல்றது? என் பேச்சை நம்பலன்னா நீங்களே வந்து பாருங்க டாக்டர்."

டாக்டரம்மா செருப்பை மாற்றி, கையைக் கழுவிக்கொண்டு வேலியைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அதுங்ககிட்ட ஒரு அறிகுறியும் இல்ல. இங்கேருந்து இன்னும் அங்க பரவலங்கறதே அதிர்ஷ்டம். சோதனைக்கு மாதிரி எடுத்திருக்கேன். ஆனா பார்த்தவரைக்கும் இது நாள்பட்ட சுவாச நோய் மாதிரிதான் தெரியுது. வெளியிலேருந்து வேற கோழி ஏதாவது வந்துச்சா? அந்தச் சேவல் யாரோடது?"

"அதுவா? அது என் தம்பியோடது," என்றாள் அக்கா. "அதைச் சந்தேகப்படாதீங்க. வந்ததிலேருந்து ஒரு தும்மல் போட்டதில்ல. சீக்குக் கோழியைத் தெரிஞ்சே எனக்குக் குடுப்பானா அவன்?"

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும், பழி வேலிக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கும். தையல்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சலூன்காரரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"தும்முச்சு டாக்டர்," என்றார். "இங்க வர்றதுக்கு முன்னாடி. கண்ணுல நுரை, மூச்சுல கரகரப்பு எல்லாம் இருந்துச்சு. நானே மருந்து வாங்கிக் குடுத்தேன். நின்னதும் பாதியில விட்டுட்டேன். அக்கா கேட்டப்போ சொல்லல."

அக்கா திரும்பி, வேலி இடுக்கில் தான் வைத்த பலகையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது. "பாதி மருந்து குடுத்தா அடுத்த தடவை அந்த மருந்தே கேக்காமப் போகலாம். முழுசாக் குடுத்தாலும் நோயை அடக்குமே தவிர விரட்டாது. தும்மல் நின்ன கோழிக்குள்ளயும் ஆயுசுக்கும் கிருமி இருக்கும். குளிர், ஈரம், கூட்டுல அடைஞ்ச நெடின்னு ஏதாவது வந்தா திரும்பத் தலைதூக்கும். முட்டை வழியாக் குஞ்சுக்கும் போகும். அடை வச்ச முட்டையை எல்லாம் எடுத்துடுங்கம்மா."

"எல்லாத்தையுமா?" என்றாள் அக்கா.

"எல்லாத்தையும்தான். மனுஷங்களுக்கு இது ஒட்டாது, பயப்படாதீங்க. ஆனா மருந்து குடுக்கிறப்பவும், அதுக்கப்புறம் நான் சொல்ற வரைக்கும் முட்டையைச் சாப்பிடவோ விக்கவோ வேண்டாம். கூடு காஞ்சிருக்கணும், காத்து வரணும். அக்கா, தம்பி ரெண்டு வீட்டுக் கோழியும் வேற எங்கயும் போகக் கூடாது, புதுசா எதுவும் உள்ள வரவும் கூடாது. இதுங்க காலம் முடிஞ்சதும் கூட்டைச் சுத்தம் பண்ணி, கொஞ்ச நாள் காலியாப் போட்டுட்டு, நோயில்லாத குஞ்சா வாங்கி ஆரம்பிங்க. இந்தச் சேவல் வேற யார் வீட்டுக்காவது போகுதா?"

சலூன்காரர் கைபேசியை எடுத்தார். அங்கே நின்றபடியே, எல்லார் காதிலும் விழும்படி தேநீர்க் கடைக்காரரிடம் பேசினார்.

"அண்ணே, சேவல் வராது. அதுக்குச் சீக்கு. முன்னாடியே தெரியும், மறைச்சுட்டேன். என் அக்கா கோழிங்களுக்கெல்லாம் இப்ப பரவிடுச்சு. யார் கேட்டாலும் சொல்லிடுங்க."

அக்கா அதற்குள் வேலியருகே போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவசரப்பட்டு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத," என்றாள் தையல்காரியிடம். தையல்காரி உடனே சமாதானம் ஆகிவிடவில்லை. "பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டுக் குஞ்சுகளை உள்ளே விரட்டினாள்.

அக்கா அடைக்கூடையின் பக்கம் போனாள். அடைக்கோழியைத் தூக்கி இறக்கிவிட்டு, சூடாக இருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக வாளியில் வைத்தாள். சலூன்காரர் உதவிக்குக் குனிந்தார். அவள் தடுக்கவில்லை, முகம் கொடுக்கவும் இல்லை.

"கேவலமாப் போயிடுமேன்னு பயந்துட்டேன் அக்கா."

"சீக்கு யார் வீட்டுக் கோழிக்கும் வரும்டா. அதைச் சொல்றதுல என்ன கேவலம்? தெரிஞ்சும் மூடி மறைச்சு அடுத்த வீட்டுக்கு அனுப்புறதுதான் கேவலம்." கடைசி முட்டையை வாளியில் வைத்துவிட்டு அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா சேவலைத்தானே வேணாம்னிருப்பேன்? உன்னையா வேணாம்னிருப்பேன்?"