அடித்தது யார்

எலக்ட்ரீஷியன் பெண்டாட்டியை அடிக்கிறான் என்று தெரு தீர்ப்பெழுதிவிட்டது. சாட்சி அவள் முகத்திலேயே இருந்தது. இரண்டு இமைகளும் ஊதா நிறத்தில் வீங்கிக் கிடந்தன. விரல் முட்டிகள் சிவந்து தடித்திருந்தன.

நூலகத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு முதலில் மேல்தட்டில் புத்தகம் அடுக்கக் கை உயரவில்லை. பிறகு நாற்காலியிலிருந்து எழவே ஆள் வேண்டியிருந்தது. காலையில் தலை பின்னிவிடுவது அவன் பொறுப்பாயிற்று. ஒயர் முறுக்கிப் பழகிய கை, சடையையும் அப்படியே முறுக்கியது. அவள் "ஐயோ" என்று அலறுவது தெருமுனை வரை கேட்டது. தெரு தலையை ஆட்டிக்கொண்டது.

மச்சினன் வந்து சட்டைக் காலரைப் பிடித்தான். "மாமாவாச்சேன்னு பாக்குறேன்."

"அப்புறமா பாரு. இப்ப ஒரு கை பிடி, உங்கக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

டாக்டரம்மா இருவரையும் வெளியே நிற்கச் சொன்னார். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"வீட்டுல அடிக்கிறாராம்மா?"

"அவரா? கொசு அடிக்கவே என்னைத்தான் கூப்பிடுவாரு. எனக்குக் கை தூக்க முடியாம, வீடெல்லாம் கொசு."

ரத்தம் எடுத்தார்கள், தசையில் துளி வெட்டிப் பார்த்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்தார். "டெர்மடோமயோசைடிஸ். அபூர்வமா வர்றது. நோயை அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாம சொந்தத் தசையையும் தோலையும் அடிக்குது."

வேலியே பயிரை மேய்ந்த கதை. மச்சினன் தரையைப் பார்த்தான்.

"சரியாயிடுமா?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டான்.

"அடக்கலாம். நாளாகும். மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது, வெயில் படக் கூடாது. மூச்சுத் தசைக்குப் போகாம பாத்துக்கணும்."

வராந்தாவில் அவன் வாய்விட்டு அழுதான். அவள் செத்துப்போய்விடுவாளோ என்ற பயத்தை அதுவரை யாரிடமும் அவன் காட்டிக்கொள்ளவில்லை. மச்சினன் தான் கசக்கிய காலரை நீவிவிட்டான். வேறென்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை.

மாதங்கள் போயின. மாத்திரையில் அவள் முகம் உப்பியது. அதற்கும் தெருவிடம் ஒரு கதை இருந்தது. ஒரு காலை வழக்கம்போல அவன் குனிந்து சடையை முறுக்க, அவன் உச்சந்தலையில் நச்சென்று ஒரு குட்டு விழுந்தது.

சீப்பைப் போட்டுவிட்டு மச்சினனுக்குப் போன் செய்தான். "உங்கக்கா என்னை அடிச்சிட்டாடா."

"பலமாவா மாமா?"

"நல்ல பலமா," என்றான். போனை வைத்துவிட்டு, தூக்க முடிந்த அந்தக் கைக்கு இன்னொரு முறை தலையைக் குனிந்து கொடுத்தான்.