இடது பக்கம் சாய்ந்த தெரு

பன்னிரண்டு செடித் தண்டுகளில் ஒன்பதை ஊன்றியாகிவிட்டது. ஹிஸ்காவின் வலது கை முழங்கைக்கு மேல் வரை மீன்தொட்டிக்குள் இருந்தது. கடிகாரம் ஒன்றே காலைக் காட்டியது. மூன்று மணிக்கு நடுவர் வந்துவிடுவார்.

"கைய வெளிய எடு ஹிஸ்கா. இன்னும் அஞ்சு நிமிஷம் போனா உனக்குச் செதில் முளைச்சிடும்," என்றான் கெர்லோஃப். அவள் கணவன். சோபாவில் படுத்தபடி வாழ்க்கை முழுவதையும் கிண்டல் செய்யக்கூடியவன்.

"வாய மூடிட்டு அந்தப் பிளாஸ்டிக் பைய எடு."

பையில் மீதி மூன்று தண்டுகள். ஹார்லிங்கன் துறைமுகத்தில் வசிக்கும் ஆபேயின் தொட்டியிலிருந்து இன்று காலை வெட்டி வந்தவை. ஆபே எதற்கு என்று கேட்கவில்லை. ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "ஜில்லுனு காத்துப் படாமப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னான். சங்கத்தில் அவளுக்கு நேர்ப் போட்டி அவன்தான். அவன் வீட்டுக்கு நடுவர் முந்தாநாளே வந்து போய்விட்டார்.

ஸ்னேக் நகரின் மீன்தொட்டிச் சங்கத்தில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் நடக்கிற வழக்கம் இது. தொட்டியை யாரும் எங்கும் தூக்கிக்கொண்டு போவதில்லை. நடுவர் வீடு தேடி வருவார். ஒரு நாற்காலியைப் போட்டு, அறை விளக்கை அணைத்து, கால் மணி நேரம் வாய் திறக்காமல் தொட்டியைப் பார்ப்பார். பிறகு மார்க். செடிகள் அந்தந்தத் தொட்டியிலேயே வளர்ந்தவையாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். இந்த ஆண்டு முதல் இடம் பிடிப்பவருக்குக் கோப்பை இல்லை, வீப்ரனின் தொட்டி. இரண்டு மீட்டர் நீளம், அறுநூறு லிட்டர், கீறல் ஒன்றுகூட இல்லாத கண்ணாடி. சங்கத்தின் பழைய உறுப்பினர் வீப்ரன் வசந்தத்தில் இறந்துபோனார். அவர் மனைவி வீட்டை விற்கிறாள். தொட்டியைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டாள்.

ஹிஸ்காவின் தொட்டிக்கு எண்பது சென்டிமீட்டர். பன்னிரண்டு நியான் மீன்கள், மீசையால் மணலைக் கிளறித் திரியும் ஆறு குட்டிக் கெளுத்திகள், ஐந்து வகைச் செடிகள். அதற்குமேல் இடமில்லை. ஆனால் அவள் பாலம் திறப்பவள். கால்வாய் ஓரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, படகு வந்தால் பொத்தானை அமுக்கிப் பாலத்தைத் தூக்க வேண்டும். படகுக்கும் படகுக்கும் நடுவே சில சமயம் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் பழுப்புத் தண்ணீரைப் பார்த்தபடியே அவள் அந்த இரண்டு மீட்டரை நட்டு முடித்திருந்தாள். வலது ஓரத்தில் சிவப்பு இலைப் புதர். நடுவில் நிழல் விழும் பள்ளம். அறுபது மீன்கள் ஒரே மூச்சாகத் திரும்பும். அத்தனைக்கும் ஊடே, முன்னால் குட்டையாகத் தொடங்கிப் பின்னால் போகப் போக உயர்ந்து மறையும் ஒரு செடித் தெரு. சங்கத்தில் எல்லோரும் அதைத் தெரு என்றுதான் சொல்வார்கள். பாதி மயக்கத்தில் அவள் அந்தத் தெருவில் நடந்தும் போயிருக்கிறாள். காலடியில் மணல், தலைக்கு மேல் பச்சை வெளிச்சம், தோளை உரசிக்கொண்டு போகும் மீன்கள். படகுக்காரன் ஹார்ன் அடித்த பிறகுதான் கரையேறுவாள்.

அப்படிப்பட்டவள் தெருச் செடியைக் கத்தரித்ததில் தப்புச் செய்துவிட்டாள். நடுவர் வருவதற்கு மூன்று வாரம் முன்பே வெட்டி, வெட்டிய இடத்தில் புதுத் தளிர் வர விட வேண்டும். இந்தச் சங்கத்தில் நேற்று சேர்ந்தவனுக்கும் அது தெரியும். அவளோ, இன்னும் கொஞ்சம் அடர்ந்தால் அழகாயிருக்குமே என்று பத்தாவது நாள் மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு வாரத்தில் தெரு முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆகி, கூழாகிக் கரைந்தது. நேற்றிரவு அங்கே வெறும் மணல்தான் இருந்தது.

கடைசித் தண்டையும் ஊன்றினாள். தள்ளி நின்று பார்த்தாள். தெரு வந்துவிட்டது.

மூன்று மணிக்கு அழைப்பு மணி. மாரிட்டுக்கு முப்பத்துநாலு வயது, கால்நடை மருத்துவமனையில் வேலை. சங்கத்திலேயே இளைய நடுவர், எல்லோரும் பயப்படும் நடுவர். மழைக்கோட்டைக் கழற்றினாள், ஒரு காபி வாங்கிக்கொண்டாள், தட்டிலிருந்து ஒரே ஒரு பிஸ்கெட் எடுத்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையை இழுத்து விளக்கையும் அணைத்துவிட்டுச் சோபாவுக்குத் திரும்பினான் கெர்லோஃப்.

இருட்டில் தொட்டி மட்டும் ஒளிர்ந்தது. நியான்கள் கூட்டமாக வந்தன, பிரிந்தன, மறுபடி கூடின. கெளுத்தி ஒன்று கண்ணாடியில் மூக்கை ஒட்டி மாரிட்டைப் பார்த்தது. ஹிஸ்காவுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. அந்த எண்பது சென்டிமீட்டர் மெல்ல நீண்டு சுவர் முழுக்கப் பரவுவது போலத் தோன்றியது. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்.

மாரிட் முன்னால் குனிந்தாள்.

"ஹிஸ்கா, தொட்டிக்கு இடது பக்கம் என்ன இருக்கு?"

"சுவர்."

"லைட்டு?"

"நேரா மேல."

"பின்ன இந்தத் தெரு மட்டும் யாரைப் பாத்துக்கிட்டு நிக்குது?"

ஹிஸ்கா பார்த்தாள். பன்னிரண்டு தண்டுகளும் ஒன்றுபோல இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தன. மற்றச் செடிகள் எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்க, இவை மட்டும் வெற்றுச் சுவரை நோக்கி, யாரோ கூப்பிட்டது போல. ஆபேயின் தொட்டிக்கு இடது பக்கம் ஜன்னல். கடலைப் பார்த்த ஜன்னல். மாதக்கணக்கில் அந்த வெளிச்சத்தைக் குடித்து வளர்ந்தவை இன்னும் அதையே தேடிக்கொண்டிருந்தன.

"அதுக்குக் காரணம் நான்தாங்க," என்றான் கெர்லோஃப், இருட்டிலிருந்து. "லைட்டு ரெண்டு மாசமா அந்தப் பக்கம் சாஞ்சே கிடந்துச்சு. நேத்துதான் நிமித்தி வச்சேன். இவ திட்டாத திட்டு இல்ல."

பொய்யைக்கூட அவன் சோபாவில் படுத்தபடியேதான் சொன்னான். மற்றச் செடிகள் ஏன் சாயவில்லை என்று மாரிட் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேனாவைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு ஹிஸ்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்படியா ஹிஸ்கா?"

ஒரே வார்த்தை. ஆமாம் என்றால் போதும், தொட்டி அவளுக்கு. ஹிஸ்கா அந்த இரண்டு மீட்டரை ஒரு முறை மனத்துக்குள் பார்த்தாள். வழக்கம்போல உள்ளே நடக்கப் பார்த்தாள். புதர் இருந்தது, பள்ளம் இருந்தது, அறுபது மீன்களும் இருந்தன. தெரு மட்டும் சாய்ந்திருந்தது. அதில் கால் வைத்தவள் சறுக்கிச் சறுக்கிச் சுவர் ஓரமாகவே போய்க்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றாள். "ஒன்றரை மணிக்கு நட்டேன். என்னோடது அழுகிப்போச்சு. இது ஆபே வீட்டுது."

கெர்லோஃப் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

மாரிட் எதையோ எழுதினாள். மிச்சமிருந்த பிஸ்கெட்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"கெளுத்திக்குப் பத்துக்கு ஒம்பது. தண்ணிக்குப் பத்து. தெருவுக்கு மார்க் கிடையாது." கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்றாள். "வெறும் மணலா விட்டிருந்தா ஆறு போட்டிருப்பேங்க. நீங்க ஜெயிக்க அதுவே போதுமா இருந்திருக்கும்."

கதவு சாத்திக்கொண்டது.

"ஆறு," என்றான் கெர்லோஃப். "வெறும் மணலுக்கு ஆறு."

"பேசாத."

"இந்தக் கேடு கெட்ட ஊர்ல சும்மா இருந்தாத்தான்டி மார்க்கு."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நடுவில் உடைந்து வேறொன்றாக மாறியபோது, அவன் பக்கத்தில் வந்து நின்றான். திரையை யாரும் விலக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மழை. காலை பத்தே கால். கால்வாயில் தெற்கிலிருந்து ஒரு தட்டைப் படகு வந்தது. ஒற்றை ஹார்ன். ஹிஸ்கா மணியடித்துத் தடுப்புகளை இறக்கினாள், பொத்தானை அமுக்கினாள். சாலை நடுவில் பிளந்து மெதுவாக மேலே எழுந்தது.

படகின் தளத்தில் பழைய கம்பளங்களுக்கு நடுவே வீப்ரனின் தொட்டி இருந்தது. அதை இவ்வளவு வெளிச்சத்தில் அவள் பார்த்ததே இல்லை. பின்னால் சுக்கான் அருகில் ஆபே, நனைந்த தொப்பியோடு. அவளைப் பார்த்ததும் கையைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினான்.

ஹிஸ்கா கூண்டின் ஜன்னலைத் திறந்தாள்.

"மூடி கொண்டு வர வேண்டியதுதானே மடையா! மழை பூரா உள்ள விழுது!"

"விழட்டும்!" என்று கத்தினான். "மொதத் தண்ணி மேலேருந்து வரட்டும்னு விட்டுட்டேன்!"

படகு பிளந்து நின்ற பாலத்துக்கு நடுவே நுழைந்தது. தொட்டிக்குள் இரண்டு விரல் உயரத்துக்கு மழை தேங்கியிருந்தது. படகு அசைய அசைய அந்தத் தண்ணீர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அவசரமே இல்லாமல் போய் வந்தது. அதற்குள் மேகம் இருந்தது. தூக்கி நின்ற பாலம் தலைகீழாக இருந்தது. ஒரு நீர்க்காகம் குறுக்கே பறந்து போனது, மீன் போல.

தடுப்புக்குப் பின்னால் சைக்கிள் மணிகள் ஒலிக்கத் தொடங்கின. ஒரு கார் ஹார்ன் அடித்தது. படகு வளைவில் திரும்பியது. கண்ணாடி ஒரு முறை மின்னியது. பாலத்தை இறக்கப் பொத்தானை நோக்கி நீட்டிய ஹிஸ்காவின் விரல் அந்தரத்திலேயே நிற்க, பாலம் இரண்டு கைகளையும் விரித்தபடி மழையில் திறந்தே கிடந்தது.