இடது காலுக்கு வெள்ளை லேஸ்

அந்தக் கால்பந்து கிளப்பில் பதினெட்டு வருஷமாக ஜெர்சி துவைத்து, பூட்ஸ் துடைத்து, லேஸ் கோத்து வைப்பவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களில் ஒருவனுக்கு மட்டும் அவள் கூடப் பிறந்த அக்கா. கோல்கீப்பர் அவன், ரசிகர்கள் வைத்த பேர் சுவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை ஆளாக்கியவளே அவள்தான்.

அக்காவின் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆட்ட நாளில் எவனும் தன் பூட்ஸுக்குத் தானே லேஸ் கோக்கக் கூடாது. யாருக்கு இறுக்கம் வேண்டும், யாருக்குக் கணுக்காலைச் சுற்றிக் கட்ட நீளம் வேண்டும் என்பதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். எல்லோருக்கும் கறுப்புதான்.

அந்தச் சனிக்கிழமை காலை தம்பி வந்து நின்றான்.

"அக்கா, இடது காலுக்கு மட்டும் வெள்ளை லேஸ் போடேன். கறுப்பு வழுக்குது."

சரி என்றாள். கால் மணி கழித்து ஒட்டகம் வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்த தடுப்பாட்டக்காரன். "வெள்ளை லேஸ் ராசின்னு மாமியார் சொன்னாங்க அக்கா. இடதுக்கு மட்டும் போதும்." அவன் மாமியாரோடு பேசி இரண்டு வருஷமாகிறது என்பது கிளப்புக்கே தெரியும். அடுத்து வந்தான் புதுமாப்பிள்ளை. அவனுக்குக் காரணம் சொல்லக்கூட வரவில்லை. "சும்மாதான்க்கா" என்று தலையைச் சொறிந்தான்.

மூன்று பேர், ஒரே கால், ஒரே நிறம். அக்கா காதிலேயே பூச்சுற்றுகிறார்களாம்.

தம்பியைத் துணி உலர்த்தும் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "என்னடா விஷயம்?" என்று ஒரே கேள்வி. அவனால் மறைக்க முடியவில்லை.

"இடைவேளைக்கப்புறம் மூணு கோல் விட்டுத் தோக்கணும்க்கா. சூதாட்டக்காரன் ஒருத்தன் பணம் கொடுத்துட்டான். மூணு பேரும் தயார்ங்கிறதுக்கு அந்த லேஸ்தான் அடையாளம். டிவில அதைப் பாத்துட்டுதான் அவன் ஆளுங்க பந்தயம் கட்டுவாங்க."

பெரிய மூளைக்காரர்கள்தான். எத்தனை ஊர், எத்தனை போன், எவ்வளவு பணம்! லேஸை யார் கோக்கிறார்கள் என்று மட்டும் ஒருத்தனும் யோசிக்கவில்லை. பூட்ஸ் தானாகவே தயாராகி வந்து நிற்கும் என்று நினைத்துப் பழகியவர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும்.

பயிற்சியாளரிடம் போகலாமா என்று நினைத்தாள். அவரும் இதில் கூட்டு என்றால்? அலமாரியைத் திறந்து வெள்ளை லேஸ் கட்டை எடுத்தாள். பதினோரு பேருக்கும், வெளியே உட்காரும் மாற்று ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து, இடது பூட்ஸ் அத்தனைக்கும் வெள்ளை. சும்மா சொல்லக் கூடாது, என்ன வேகம் அந்த விரல்களுக்கு! முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டாள்.

"என்னக்கா, புது ஃபேஷனா?" என்று கேப்டன் சிரித்தான்.

"கறுப்பு தீந்துபோச்சு. பேசாம மாட்டுடா."

மூன்று தெரியவேண்டிய இடத்தில் பதினொன்று தெரிந்ததும், யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று பந்தயக்காரர்கள் வெலவெலத்துப் போனார்கள். இடைவேளையில் புதுமாப்பிள்ளையின் போனில் 'ரத்து' என்ற ஒற்றை வார்த்தை வந்து கிடந்தது. ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. சுவர் பாய்ந்து பாய்ந்து நான்கு பந்துகளைப் பிடித்தான்.

மறுநாள் தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். "தப்பிச்சோம்க்கா."

"யாரு தப்பிச்சது? நீ பணத்தைத் தொட்டியா இல்லையா?"

"திருப்பிக் கொடுத்துடறேன்."

"கொடுத்தா விடுவானா? அடுத்த மாசம் வருவான். அப்ப எனக்குத் தெரியாத மாதிரி வேற ஏதாவது சொல்லுவான். காலம் பூரா அவன் கைல கெடப்பே. கால்பந்துச் சங்கத்துக்கு எழுதப் போறேன்."

"என் ஆட்டமே போயிடும்க்கா."

"தெரியும்டா," என்றாள். அன்று ராத்திரி புகாரை எழுத உட்கார்ந்தாள். இரண்டு பேர் பேரை மட்டும் எழுதியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மூன்று பேரையும் எழுதினாள். முதல் பேர் தம்பியுடையது. அந்த மனசு யாருக்கு வரும், சொல்லுங்கள்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. நீள மேசை, மூன்று அதிகாரிகள். ஒட்டகமும் புதுமாப்பிள்ளையும் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தார்கள். மூவருக்கும் சேர்த்து அமர்த்திய வக்கீல் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் அக்காவுக்கும் வீட்டு விஷயத்துல தகராறு. அந்தக் கோபத்துல இப்படிச் சொல்றாங்க. அப்படித்தானே?"

தலையை ஆட்டினால் போதும். அக்காவை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அவள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டிவிட்டுப் போகட்டும், பெற்றால்தான் பிள்ளையா என்று அவனை மனசுக்குள் ஏற்கெனவே மன்னித்தும் விட்டிருந்தாள்.

தம்பி எழுந்தான். "இல்ல சார். அக்கா சொல்றது நிஜம். முதல்ல போய் வெள்ளை லேஸ் கேட்டதே நான்தான்."

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசுங்க. இதோட உங்க ஆட்டம் முடிஞ்சுடும்."

"தெரியும் சார். இவங்களைப் பொய்க்காரியாக்கிட்டு நான் எந்த கோல்ல போய் நிக்கறது?"

அக்கா மேசையைச் சுற்றி வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.