பெங்குவின் பார்க்கப் போன ஞாயிறு

அவித்த முட்டைகளைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது மகள் அலினாஃபே வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வராமல் நிற்பதைப் பார்த்ததுமே ஃபலேசிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"அம்மா, அவங்களும் நம்மகூட வருவாங்க."

யார் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. அலினாஃபேயின் பேச்சில் 'அவங்க' என்றால் ஒருவர்தான். முன்னால் இருந்த பெரிய வீட்டின் சொந்தக்காரி வெர்னா. எண்பத்தாறு வயது வெள்ளைக்காரக் கிழவி. ஏழு வருடமாக அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைப்பதுதான் இந்தக் கேப்டவுன் நகரத்தில் அலினாஃபேக்கு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுடைய மகன் டெரிக் வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

"அந்த மகன் வரலையா?"

"முதுகு பிடிச்சுக்கிச்சாம். வேற யாரையாவது வெச்சுக்கோன்னு செய்தி அனுப்பியிருக்காரு. இந்த நேரத்துக்கு நான் யாரைத் தேடுறது?"

"அப்ப இன்னொரு நாள் போவோம்."

"இன்னொரு நாள் எங்கம்மா இருக்கு? சனிக்கிழமை உங்களுக்கு பஸ்."

ஃபலேசி பையின் வாயைக் கட்டினாள். மலாவியிலிருந்து மூன்று பகலும் மூன்று இரவும் பஸ்ஸில் உட்கார்ந்து கால்கள் பூசணிக்காயாய் வீங்கி வந்து இறங்கியவள். வந்து ஆறு நாளாகிறது. பின்கட்டில் மகளுக்கென்று ஒதுக்கியிருந்த அறையில் அவள் தனியாகத்தான் படுத்தாள். மகள் கிழவியின் கட்டிலோரம் சோபாவில் தூங்கினாள். பகலில் வேலைகளுக்கு நடுவே ஓடிவந்து எட்டிப் பார்ப்பாள். "சாப்பிட்டீங்களா? டிவி போட்டுக்கிட்டீங்களா? ஞாயித்துக்கிழமை முழுசும் நமக்குத்தான்மா" என்பாள். முன்வீட்டிலிருந்து மணி அடிக்கும். போய்விடுவாள்.

அந்த முழு ஞாயிற்றுக்காகத்தான் ஃபலேசி ஒரு கேள்வியை வைத்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அவள் கணவன் வைசன் இறந்தபோது அலினாஃபே வரவில்லை. "லீவு தரமாட்டேங்கிறாங்கம்மா" என்று போனில் சொல்லிவிட்டு அழுதாள். கல்லறையில் சர்ச்சு மூப்பர் பெயர் சொல்லி அழைக்க, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மண்மேட்டில் பூ வைப்பது வழக்கம். "மூத்த மகள் அலினாஃபே" என்று மூப்பர் அழைத்தார். யாரும் எழவில்லை. பட்டியலில் இருந்ததை அவர் பழக்கத்தில் வாசித்துவிட்டார். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் எழுந்துபோய் அந்தப் பூவை வைத்தாள். கூட்டத்தில் எழுந்த முணுமுணுப்பு ஃபலேசியின் காதில் இன்னும் இருக்கிறது. லீவு தராத வேலையை உதறிவிட்டு வர முடியாதா? அப்பா ஒருமுறைதானே சாவார்? இதைக் கடிதத்தில் கேட்க முடியாது, போனிலும் கேட்க முடியாது. முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

ரயிலில் வெர்னாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவளை ஒட்டி அலினாஃபே உட்கார்ந்தாள். எதிர் இருக்கையில் ஃபலேசி, மடியில் மூன்று பேருடைய பைகளும். கிழவி வெளியே பார்த்துக்கொண்டே வந்தவள் திடீரெனத் திரும்பி ஃபலேசியை உற்றுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஆக்னஸ்! எங்கடி போயிட்ட இத்தனை நாளா?"

அலினாஃபே தங்கள் செவா மொழியில் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஆக்னஸ் இவங்க வீட்டுல முந்தி வேலை பார்த்தவங்க. செத்து இருபது வருஷமாச்சு. ஆமான்னு சொல்லிடுங்கம்மா. இல்லைன்னு சொன்னா அழ ஆரம்பிச்சுடுவாங்க, அப்புறம் நிறுத்த முடியாது."

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருடம் ஆயாவாக இருந்தவள் ஃபலேசி. டாக்டர்கள் பேசும் ஆங்கிலம் அத்தனையும் புரியும், பேசவும் வரும்.

"ஆமா மேடம், ஊருக்குப் போயிருந்தேன். வந்துட்டேன்," என்றாள்.

மகளின் தோள்கள் தளர்ந்தன. அவள் சிரித்தபடி ஒரு கையை அழுத்தினாள். அது கிழவியின் கை. "பார்த்தீங்களா மா, ஆக்னஸ் வந்துட்டாங்க." அந்த 'மா'வை ஃபலேசி இந்த ஆறு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். முன்வீட்டிலிருந்து காற்றில் மிதந்து வரும். முதல் நாள் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று எழுந்து வாசல்வரை போய்விட்டாள்.

கிழவிக்கு மூக்கு ஒழுகியது. அலினாஃபே தன் கைக்குட்டையால் துடைத்து, மடித்து, அதைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். நெற்றியில் விழுந்த வெள்ளை முடியை ஒதுக்கிவிட்டாள். யோசித்துச் செய்யவில்லை, தன் முடியை ஒதுக்குவதுபோல் கை தானாகப் போய் வந்தது. பஸ் நிலையத்தில் வந்து இறங்கியபோது மகள் ஒருமுறை கட்டிப்பிடித்தாள் என்பதை ஃபலேசி நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இல்லை.

கொஞ்ச நேரத்தில் வீடுகள் விலகிக் கடல் ரயிலுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. அலைத்துளி ஜன்னலில் தெறித்தது.

"அம்மா! கடல்!" அலினாஃபே அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபலேசி பார்த்தாள். பெரியதுதான். ஆனால் அவர்கள் ஊர் ஏரிக்கும் அக்கரை தெரியாது, அதிலும் அலை உண்டு. "நம்ம ஏரி மாதிரியே இருக்கு," என்றாள். சொன்ன பிறகு மகளின் முகம் வாடுவதைக் கவனித்தாள். முதல் நாள் மேசை மலையைக் காட்டியபோதும் இப்படித்தான், "நம்ம முலாஞ்சி மலை இதைவிட உசரம்" என்று சொல்லிவிட்டாள். மாற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மகள் கிழவியின் ஸ்வெட்டர் பொத்தானைப் போடத் திரும்பிவிட்டாள்.

கடைசி ஸ்டேஷனில் இறங்கி டாக்ஸி பிடித்துக் கடற்கரைக்குப் போனார்கள். மணலிலும் பாறைகளுக்கு நடுவிலும் நூற்றுக்கணக்கில் பெங்குவின்கள் நின்றன. பலகை நடைபாதையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்த ஃபலேசிக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக.

"அலி, பாரேன்! நம்ம சர்ச்சு மாதர் சங்கம்! முன்னால போறவ தலைவி. அதோ கத்துறாளே, அவதான் பொருளாளர்."

அலினாஃபே வாய்விட்டுச் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வெர்னாவும் காரணம் தெரியாமல் சேர்ந்துகொண்டாள். "நடக்கிறதைப் பாருங்கம்மா, சாவு வீட்டுக்குப் போற மாதிரியே இருக்கு," என்றாள் மகள். சொன்னதும் நிறுத்திக்கொண்டாள். வைசனின் சவப்பெட்டிக்கு முன்னால் பாடிக்கொண்டு போனது அந்த வெள்ளைச் சட்டைகள்தான். போட்டோவில் பார்த்திருப்பாள்.

இப்போது கேட்டுவிடலாம் என்று ஃபலேசி நினைத்தாள். அதற்குள் மகள், "மாவுக்குப் பசிக்கும். மீனு வாங்கிட்டு வரேன். இந்த பெஞ்சுல உக்காந்திருங்க," என்று சொல்லிவிட்டுச் சாலைப் பக்கம் போய்விட்டாள்.

காற்று கடுமையாக வீசியது. இரண்டு கிழவிகளும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

வெர்னா மெல்ல நெருங்கி வந்தாள். "ஆக்னஸ், அந்தப் பொண்ணு போயிடுச்சா?"

"மீன் வாங்கப் போயிருக்கா மேடம்."

"நல்ல பொண்ணு. உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத. அவ அப்பா செத்துப்போனாரு."

ஃபலேசி திரும்பி அவளைப் பார்த்தாள்.

"ராத்திரியோட ராத்திரியா பெட்டி கட்டிட்டா. காலையில பார்த்தா வாசல்ல நிக்குது, பழுப்புப் பெட்டி. டெரிக் ஒரு நர்ஸை அனுப்புறேன்னான். எனக்கு நர்ஸ் வேண்டாம். போகாதன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். நாலே வாரம்தான் மா, வந்துடுவேன்னு சொன்னா. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நீயும் அப்படித்தான சொல்லிட்டுப் போன?" கிழவி குரலைத் தாழ்த்தினாள். "அதனால விழுந்தேன்."

"விழுந்தீங்களா?"

"மாடிப்படியில. மூணாவது படியிலேருந்து. வேணும்னேதான் விழுந்தேன், ஆக்னஸ். சும்மா கொஞ்சம் அடிபடும்னு நினைச்சேன், இடுப்பே போச்சு." மாட்டிக்கொள்ளாமல் குறும்பு செய்துவிட்ட குழந்தை மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டாள். "அவ போகலை. ஆஸ்பத்திரியில என்கூடவே இருந்தா. நான் தூங்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டு அழுவா. நான் தூங்கலை."

ஃபலேசி எழுந்தாள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் பத்துப் பன்னிரண்டு அடி நடந்து கைப்பிடியருகே போய் நின்றாள். கீழே பெங்குவின்கள் கழுதைபோலக் கத்தின. மூத்த மகள் அலினாஃபே என்று அழைத்த மூப்பரின் குரலும், அதற்குப் பின்னால் விழுந்த மௌனமும், பக்கத்து வீட்டுப் பெண் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு எழுந்ததும் வரிசையாக வந்தன. இரண்டு வருடமாகத் தான் மகள்மேல் வைத்திருந்த கோபம் முழுவதும் கிழவியின் பக்கம் திரும்பியது.

"ஆக்னஸ்!"

திரும்பிப் பார்த்தாள். கிழவி பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டாள். ஊன்ற எதுவுமில்லாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள். பலகைகள் ஈரமாக இருந்தன. "ஆக்னஸ், போகாத!"

விழட்டும் என்று ஃபலேசி நினைத்தாள். தெளிவாகவே நினைத்தாள். கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. கிழவியின் இடது கால் பின்னிக்கொண்டது; உடல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அடுத்து என்ன நடந்தது என்று கேட்டால் ஃபலேசியால் சொல்ல முடியாது. இருபத்தேழு வருடம் நோயாளிகளைத் தாங்கிய கைகள் அவளைக் கேட்கவில்லை. கிழவி அவள் மார்பில் வந்து மோதினாள். ஒரு பறவைக்குள்ள கனம்கூட இல்லை. காலுறையிலிருந்து மூத்திரம் வழிந்து பலகையில் சொட்டியது.

"மன்னிச்சுக்கோ, ஆக்னஸ்."

"பரவால்ல மேடம். வாங்க."

கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுத்தம் செய்து, நனைந்த பாவாடையைக் கழற்றிப் பிழிந்து பிளாஸ்டிக் பையில் போட்டாள். பாவாடைக்கு மேல் தன் இடுப்பில் சுற்றியிருந்த பூப்போட்ட துணியை அவிழ்த்துக் கிழவிக்குச் சுற்றிவிட்டாள். சுத்தம் செய்தபோது கிழவியின் இடுப்பில் நீளமான தையல் தழும்பு தெரிந்தது. அதைத் துடைக்கும்போது ஃபலேசியின் கை ஒரு கணம் நின்றது, பிறகு துடைத்தது.

மீன் பொட்டலத்தோடு வந்த அலினாஃபே அம்மாவின் துணி கிழவியின் இடுப்பில் இருப்பதைப் பார்த்துத் திகைத்தாள்.

"நனைச்சுட்டாங்களா? ஐயோ, நான் வந்து செஞ்சிருப்பேனேம்மா. உங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?"

"எனக்குத் தெரியாத வேலையா?"

வெர்னா மீனைப் பிய்த்துத் தின்பதில் மூழ்கிவிட்டாள். மகள் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஃபலேசி செவாவில் கேட்டாள்:

"அப்பா போனப்போ பெட்டி கட்டினியாமே?"

முள் எடுத்த விரல்கள் நின்றன. "இவங்க சொன்னாங்களா?"

"ம்."

"டிக்கெட்டும் எடுத்துட்டேம்மா. கிளம்புற காலையில வழுக்கி விழுந்துட்டாங்க. எலும்பு முறிஞ்சு கிடக்கிறவங்களை விட்டுட்டு எப்படிப் போறது? ஆம்புலன்ஸ்ல என் கையை விடவே இல்லை."

"லீவு தரலைன்னு சொன்னியே."

"வேற என்ன சொல்றது? பெத்த அப்பனைவிட ஒரு வெள்ளைக்காரக் கிழவி உனக்குப் பெருசாப் போயிட்டாளான்னு கேப்பீங்க. கேட்டிருக்க மாட்டீங்களா?"

"கேட்டிருப்பேன்," என்றாள் ஃபலேசி.

அலினாஃபே எண்ணெய்ப் பிசுக்கான விரல்களைப் பார்த்தபடி பேசினாள். "வழுக்கி விழுந்ததுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? விதி, அவ்வளவுதான். எனக்கும் இங்க வேற யாரும்மா இருக்காங்க? ஏழு வருஷமா இந்தக் கடலுக்குக்கூட வந்ததில்லை. இன்னைக்குத்தான் நானும் பார்க்கிறேன்."

ஃபலேசி மகளைப் பார்த்தாள். அவள் ஊருக்கு அனுப்பிய போட்டோக்களில் தெரிந்த கடலெல்லாம் எங்கேயோ தூரத்திலிருந்து எடுத்தது போலிருக்கிறது. சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. வேணும்னே விழுந்தா. இரண்டே சொற்கள். சொன்னால் மகள் கிழவியின் கையை உதறுவாள். ஒருவேளை சனிக்கிழமை தன்னோடு பஸ்ஸிலும் ஏறிவிடுவாள். ஏறாவிட்டால்? திங்கட்கிழமை காலையில் எழுந்து அதே உடம்பைக் குளிப்பாட்டும்போது அவளுக்கு என்ன மிஞ்சும்?

"மீனு ஆறுது, நீயும் சாப்பிடு," என்றாள்.

திரும்பும் ரயிலில் கடல் பக்கத்து ஜன்னலில் வெயில் சாய்ந்து விழுந்தது. வெர்னா முதலில் தூங்கினாள், அலினாஃபேயின் தோளில். கொஞ்ச நேரத்தில் அலினாஃபேயின் தலையும் சரிந்து அந்த வெள்ளை முடியின்மேல் அமர்ந்தது. வாய் இலேசாகத் திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இவ்வளவு கருமை இருப்பது அவள் பேசிக்கொண்டிருக்கும்போது தெரிந்ததே இல்லை.

கடல் மறைந்து சுவர்களும் கொல்லைப்புறங்களும் வந்தன. ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்றது. பெயர்ப்பலகையை ஃபலேசி எழுத்துக்கூட்டிப் படித்தாள். காலையில் ஏறிய ஸ்டேஷனின் பெயரை அவள் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. மகள்தான் கூட இருந்தாளே. இதுவாக இருக்குமோ? எழுப்புவதற்காகக் கையை நீட்டினாள். மகளின் முழங்காலுக்கு மேலே கை அப்படியே நின்றது. கதவுகள் மூடின.

அடுத்த ஸ்டேஷனில் பாதிப்பேர் இறங்கினார்கள். அதற்கடுத்ததில் மிச்சமிருந்தவர்களும். காலியான பெட்டியில் மூன்று பைகளையும் மடியில் அணைத்துக்கொண்டு, எதிரே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கும் இருவரையும் பார்த்தபடி ஃபலேசி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே இன்னொரு பெயர்ப்பலகை மெதுவாக நெருங்கி வந்தது.