ரெமிஜியூஸின் முன்பல்

கைநழுவிப் போய்விட்டது, டிராம்போன் வாத்தியத்தின் இழுகுழாய், மேடை விளிம்பைத் தாண்டி, தலைகளுக்கு மேலே இருட்டுக்குள் பறக்கிறது, இருட்டிலிருந்து யாரோ கையை நீட்டுகிறார்கள், யாரென்று தெரியவில்லை, பிடித்தார்களா என்றும் தெரியவில்லை, அதற்குள் விழித்துக்கொண்ட ரெமிஜியூஸ் முதல் வேலையாக நாக்கு நுனியால் மேல்வரிசை முன்பல்லைத் தொட்டுப் பார்க்கிறார், ஆடுகிறது, நேற்றைவிட அதிகமாக ஆடுகிறது, ஐயோ மாதாவே, இன்றைக்குச் சாயங்காலம் வரைக்குமாவது தாங்கட்டும். விடிகாலைக் கனவு வேறு, பலித்துத் தொலைக்குமோ.

அந்தப் பல்லில்தான் பிழைப்பே இருக்கிறது, மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்தினால் உதட்டுக்கு முட்டுக் கொடுப்பது அதுதான், அது போனால் உச்சஸ்தாயி போச்சு, எவ்வளவு தம் கட்டி ஊதினாலும் வெறும் காற்றுதான் வரும், இன்றைக்கென்று பார்த்து எழும்பூரில் கச்சேரி, அவர் தனியாக வாசிக்கும் கட்டம் பிடித்துப்போனால் பழைய கூட்டாளி டென்சில் தன் ஜாஸ் குழுவோடு அவரையும் உல்லாசக் கப்பலில் வாசிக்க அழைத்துப் போவான், ஊர் ஊராகக் கடலில், ராஜ வாழ்க்கை, பிடிக்காவிட்டால் மறுபடி கல்யாண ரிசப்ஷனில் பாட்டுக்காரருக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். இட்லியை ஏன் பால்ல ஊறப் போடுறீங்க, பல்லு வலியா என்று எஸ்கலின் கேட்கிறாள், ஒண்ணுமில்ல, தொண்டதான் கரகரங்குது என்கிறார், முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் பொய் எடுபடுமா, அவள் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றுகிறாள்.

பயம் இன்று நேற்று வந்ததா என்ன, புரசைவாக்கத்தில் மாப்பிள்ளை ஊர்வலம், மீசை சரியாக முளைக்காத வயது, இழுகுழாய் நழுவாமல் பிடித்துவைக்கும் பூட்டு வளையத்தைத் திருகிவிட்டு டிராம்போனைக் கீழே இறக்கியிருக்க வேண்டும், மறந்துபோனார், இழுகுழாய் சர்ரென்று கழன்று ஜெனரேட்டர் வண்டிச் சக்கரத்துக்குள் போய் நசுங்கியது, பேண்டு முழுக்கச் சிரித்தது, அவர் மட்டும் நசுங்கிய குழாயைப் பொறுக்கி மார்போடு அணைத்துக்கொண்டார், அன்று பிடித்த கனவு இன்னும் விடவில்லை. அதற்குப் பிறகு பெரம்பூர் ரயில்வே மன்றத்து நடன இரவுகளில் வாசித்தார், பியானோவில் உட்கார்ந்திருந்த டென்சில், எழுதினத மட்டும் வாசிக்கிறியே மேன், மனசுல என்ன தோணுதோ அத வாசி, அதான் ஜாஸ் என்றான், மனதில் தோன்றுவதெல்லாம் பயம்தானே, அதையே வாசித்தார், கைதட்டினார்கள். பிறகு சினிமா ரெக்கார்டிங், ஒருவர் பிசகினாலும் அத்தனை பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டிய காலம், நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் மைக்கில் விழுந்துவிடுமோ என்று மூச்சை அடக்கியபடி நின்ற நாட்கள், அப்புறம் ஒருநாள் எல்லா வாத்தியச் சத்தத்தையும் தரும் கீபோர்டு வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியது, அப்புறம் ஹோட்டல் கச்சேரிகள், அப்புறம் இந்தப் பாழாய்ப்போன பல்.

இதோ எழும்பூர் மேடை, விளக்கு கண்ணைக் கூச, டென்சில் தலையசைக்க, அவர் முறை வந்துவிட்டது, எழுகிறார், ஸ்வரத்தில் மேலே போகிறார், இன்னும் மேலே, உச்சியை எட்டிப் பிடிக்க உதட்டை அழுத்தும்போது உள்ளே மளுக்கென்கிறது, பல் கழன்றுவிட்டது, ரத்தத்தின் உப்பு, மூச்சிழுத்தால் பல் தொண்டைக்குள் போகப் பார்க்கிறது, செத்தோம், நுரையீரலுக்குள் போய்விட்டால் இந்த மேடையிலேயே முடிந்தது கதை, வெற்றிலையை ஒதுக்குவதுபோல அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மறுபடி ஊதினால் உச்சியில் வெறும் காற்று, முன்வரிசையில் யாரோ நிமிர்ந்து பார்க்கிறார்கள், வேறு வழியில்லை, கீழே இறங்குகிறார், தளர்ந்த உதட்டுக்கும் அடிமட்ட ஸ்வரங்கள் படிந்துவிடும், இன்னும் கீழே, இழுகுழாயைக் கை போகும் மட்டும் நீட்டுகிறார், வியர்வையில் விரல் வழுக்குகிறது, இன்னும் ஒரு விரற்கடை நீட்டினால் கழன்றுவிடும், நீட்டியபடியே நிற்கிறார், மொத்த அரங்கமும் அந்த அடிநாதத்தில் அதிர்கிறது, டென்சில் திரும்பிப் பார்த்துவிட்டுப் பியானோவில் தன் இடக்கையையும் அடிமட்டக் கட்டைகளுக்கு இறக்கிச் சேர்ந்துகொள்கிறான், கனவு போலவே இருட்டு, கனவு போலவே நீட்டிய கை, ஆனால் குழாய் கழலவில்லை.

மேடைக்குப் பின்னால் டென்சில் முதுகில் ஓங்கித் தட்டுகிறான், உச்சிக்குப் போவேன்னு பாத்தா பாதாளத்துல எறங்கிட்டியே மேன், மிரட்டிட்டே, கப்பலுக்கு வர்றல்ல, ரெமிஜியூஸ் வாயை இறுக மூடியபடி வேகமாகத் தலையசைக்கிறார், பூம்பூம் மாடாட்டம் தலைய ஆட்டாத, வாயத் தொறந்து சரின்னு ஒரு வார்த்த சொல்லு, சொன்னால் தெரிந்துவிடும், தெரிந்தால் பல்லில்லாதவனை எந்தக் கப்பல் ஏற்றும், வாய்க்குள் ரத்தம் ஊறுகிறது, விழுங்கவும் பயம், துப்பவும் பயம், கச்சேரி கேட்க வந்திருந்த எஸ்கலின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறாள், அவர் கன்னத்தைப் பார்க்கிறாள், உதட்டோரத்தைப் பார்க்கிறாள், அரையிருட்டில் கையை நீட்டி அவர் மோவாய்க்குக் கீழே பிடிக்கிறாள், துப்புங்க என்கிறாள், டென்சில் இருக்கிறானே என்று அவர் கண்ணால் கெஞ்சுகிறார், இருந்தா இருக்கட்டும், உசுரவிடக் கப்பலு பெரிசா, துப்புங்க. வாய் தானாகத் திறந்துகொள்கிறது, பல் விழுகிறது, தரையில் இல்லை, அந்தக் கையில். டென்சில் அந்தக் கையைப் பார்க்கிறான், அவர் டென்சிலின் முகத்தைப் பார்க்கிறார், சரி என்று சொல்ல வாயெடுக்கிறார், பல் போன சந்தில் காற்றுதான் வருகிறது, எஸ்கலின் பல்லோடு விரல்களை மூடிக்கொள்கிறாள்.