எழுந்து நின்றால் பஸ் நிற்கும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில் இருந்த அந்த கேம் கம்பெனிக்கு இணையத்தில் ஒரு பிளாக் இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. பக்கத்தின் அடியில் வந்துபோனவர்களின் எண்ணிக்கை ஓடும். காலையில் வந்ததும் அதைத் திறந்து பார்த்து ஹரிஹரசுதன் பூரித்துப்போவான். ஏறியதெல்லாம் அவன் திறந்து பார்த்த கணக்குதான் என்று சொல்ல அபிநயாவுக்கு வாய் வரவில்லை.

முதலாளி ஹரிஹரசுதன், கூப்பிடுவது சுதன். புரோகிராம் எழுத தேவராஜ். கேமைச் சோதித்துப் பார்க்கவும் பிளாக் எழுதவும் அபிநயா. மொத்தக் கம்பெனியும் அவ்வளவுதான். ஆனால் பிளாக்கில் அவர்கள் உலகத்தரம் வாய்ந்த முன்னணி நிறுவனம். சுதன் எங்கெங்கோ பொறுக்கிக்கொண்டு வந்த ஆங்கில வாக்கியங்களை அவள் டைப் அடித்துப் போடுவாள். அடிக்கிறவளுக்கே இரண்டாவது வரியில் கொட்டாவி வந்தது.

அவர்களுடைய முதல் செல்போன் கேம் 'டவுன் பஸ்'. சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூருக்கு பஸ் ஓட்ட வேண்டும். ஏற வேண்டியவர்களை விட்டுவிட்டுப் போனாலும் தோல்வி, சும்மா சும்மா நிறுத்தி நேரத்தைத் தொலைத்தாலும் தோல்வி. ஆபீசில் எல்லோரும் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டே ஜெயித்தார்கள். இலவசமாக கேம் கொடுக்கும் ஒரு தமிழ் இணையதளத்தில் போட்டதும் கதை மாறியது. வெளியூர்க்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் முதல் கட்டத்திலேயே தோற்றார்கள். பஸ் ஸ்டாப் எங்கே, எங்கேதான் நிறுத்துவது என்று கன்னாபின்னாவென்று திட்டினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் கேமை எடுத்துவிடுவோம் என்று தளத்துக்காரர்களிடமிருந்து மெயில் வந்தது.

"எடுத்தா எடுக்கட்டும்," என்றான் சுதன். "கார் ரேஸ் ஒண்ணு பண்ணிக்கலாம். எல்லாரும் அதான் பண்ணிக்கினு கீறாங்க."

"புரோகிராம்ல ஒரு தப்பும் இல்ல. தேடித் தேடிப் பாத்துட்டேன்," என்றான் தேவராஜ்.

அபிநயா தினமும் வந்துபோகும் ரோடு அது. அந்த ரோட்டின் ஒவ்வொரு மரத்தையும் ஒவ்வொரு ஆளையும் அவள் சொல்லச் சொல்லத்தான் தேவராஜ் வரைந்திருந்தான். ஒரு வருஷத்து உழைப்பை ஒரு மெயிலுக்குத் தாரைவார்க்க அவள் தயாராக இல்லை.

மறுநாள் காலை அவள் வந்த பஸ் ஒரு புளியமரத்தடியில் நின்றது. கீரை விற்கும் ஜெயம்மாள் தன் கட்டோடு ஏறினார். பக்கத்து சீட்டில் டை கட்டிய மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"இங்க ஸ்டாப்பிங் இருக்காம்மா?"

"இல்லயே."

"அப்புறம் ஏன் நிறுத்தினார்? கைகூடக் காட்டலையே."

"அந்தம்மா எழுந்துக்கினாங்க இல்ல," என்றாள் அபிநயா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

மரத்தடியில் இன்னும் சிலர் உட்கார்ந்துதான் இருந்தார்கள். டிரைவர் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருப்பவர் நிழலுக்கு உட்கார்ந்தவர், எழுந்து நிற்பவர் பஸ்ஸுக்கு நிற்பவர். கேமிலும் தேவராஜ் அப்படியேதான் வைத்திருந்தான். அதை வெளியூர்க்காரனுக்குச் சொல்ல வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆபீசில் இதைச் சொன்னதும் சுதன் கையைத் தட்டினான். "இவ்ளோதானா? அங்கங்க மஞ்சள் போர்டு ஒண்ணு நட்டுடு, தேவா."

"போர்டு வெச்சா அது எந்த ஊரு பஸ்ஸோ ஆயிடும்ணா. நான் பிளாக்ல எழுதறேன். தமிழ்ல எழுதறேன்."

"கம்பெனி பிளாக்க தமிழ்ல எழுதுனா எவன் மதிப்பான்?"

"இங்கிலீஷ்ல எழுதி எவன் மதிச்சான்? அந்த நம்பரெல்லாம் நீங்க தொறந்து தொறந்து பாத்ததுண்ணா."

சுதனின் முகம் சுருங்கிப்போனது. அபிநயாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான். "வியாழக்கெழம வரைக்கும் பாரு. அப்புறம் போர்டுதான்."

அது 2008, நினைத்த நேரத்துக்குக் கரண்ட் போகும். யுபிஎஸ்ஸோ பேட்டரி செத்து, அலங்காரத்துக்கு இருந்தது. பாதி எழுதியபோது கரண்ட் போய் எல்லாம் அழிந்தது. வந்ததும் மறுபடி எழுதினாள், மறுபடியும் போனது. "பேஜாரு, நாளைக்குப் பாத்துக்கோயேன்," என்றான் தேவராஜ். அவள் மூன்றாம் முறை உட்கார்ந்து, வரிக்கு வரி சேமித்தபடி எழுதினாள்.

'எங்கள் ஊர் ரோட்டில் பஸ் ஸ்டாப் கிடையாது. ஜெயம்மாள் இருக்கிறார். அவர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தால் பேசாமல் போய்விடுங்கள். எழுந்து நின்றால் உங்கள் பஸ்ஸுக்காகத்தான் எழுந்தார். விட்டுவிட்டுப் போனால் அவருடைய கீரை வாடிவிடும். இதை உங்களுக்குச் சொல்ல மறந்தது எங்கள் தப்பு. எங்களுக்கும் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. உங்கள் ஊரில் பஸ்ஸை எப்படி நிறுத்துவீர்கள்?'

புதன்கிழமை பிளாக்குக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. தேவராஜ் மெல்ல மஞ்சள் போர்டு வரையத் தொடங்கியிருந்தான். அதைப் பார்த்தும் பார்க்காதது போல, தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டித் தரும் தளங்களில் எல்லாம் தன் பதிவின் முகவரியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள் அபிநயா.

வியாழக்கிழமை காலை பதிவுக்குக் கீழே வரிசையாகப் பின்னூட்டங்கள். எங்கள் ஊரில் துண்டை உதறுவோம் என்றார் தேனிக்காரர் ஒருவர். எங்கம்மா கூடையை நடுரோட்டில் வைத்துவிடும், பஸ் எப்படிப் போகும் என்று கேட்டிருந்தார் இன்னொருவர். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், 'நாலு தடவை தோற்றேன். இன்று ஜெயம்மாளை ஏற்றிவிட்டேன். கீரை வாடவில்லை' என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் அபிநயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதிவைப் படித்துவிட்டு மதியம் தளத்துக்காரர்களும் மெயில் அனுப்பினார்கள்: இந்த வரிகளைக் கேமின் தொடக்கத்தில் போட்டால் போதும், கேம் இருக்கட்டும்.

தேவராஜ் தன் மஞ்சள் போர்டை அழித்தான். சுதன் தன்னுடைய உலகத்தர வாக்கியங்களைத் தானே ஒவ்வொன்றாக நீக்கினான்.

"துண்டு உதர்றவரு, கூடை வெக்கிறவங்க, எல்லாரையும் அடுத்த லெவல்ல ஏத்திடலாம்," என்றான். "ஆமா, அடுத்து இன்னா எழுதப்போற?"

மறுநாள் காலை தான் பஸ் ஏறும் மரத்தடியில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் அபிநயா. முதல் வரி பிடிபட்டு இரண்டாவது வரிக்கு மனம் தாவிய நேரம் பஸ் வந்தது. டிரைவர் அவளை ஒரு பார்வை பார்த்தார், உட்கார்ந்திருந்தாள், போய்விட்டார்.

"மணி இன்னா ஆவுது?" என்று வாசலிலேயே மறித்தான் சுதன்.

"உக்காந்துகினே இருந்துட்டேண்ணா."

திட்ட வாயெடுத்த சுதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேவராஜும் சிரித்துக்கொண்டே அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"தள்ளுங்க," என்றாள் அபிநயா. "கரண்ட் போறதுக்குள்ள எழுதணும்."