இடமிருந்து ஏழாவது ஆள்

சுவீடனின் தொழில்துறை வரலாறு இனிமேல்தான் எழுதப்பட இருக்கிறது, அதுவும் ஒஸ்லோப் புறநகரான ரொம்சோஸில் ஓர் ஆறாம் மாடியில், தன் கட்டிலில் சாய்ந்தபடிதான் எழுதப்படும் என்று ரிசாந் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. ஒஸ்லோவில் வரலாறு படிக்கிறவன். கட்டுரைக்கு அவன் எடுத்துக்கொண்டது எல்மபுறூக் என்ற சுவீடன் கடதாசி ஆலைக் கிராமம். ஓர் ஆலை, ஒரு புகைக்கூண்டு, ஒரு தேவாலயம், நானூறு சனம். ஆலையை மூடியதோடு வரலாறும் முடிந்தது.

முடிந்ததை அந்த ஊர்ச்சனம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய சங்கம் வருடாவருடம் ஒரு மலர் போட்டது. கடைசி நான்கு பக்கங்களும் போன வருட மலருக்கான திருத்தங்கள். 'பன்னிரண்டாம் பக்கம், இடமிருந்து மூன்றாவது ஆள் கார்ல் அல்ல. அவர் தம்பி ஸ்வென், ஆற்றங்கரை வீட்டு நில்ஸின் மகன்.' ரிசாந்துக்கு இது போதாதா. மாணவர் பத்திரிகையில் கேலியாக ஒரு முழுப்பக்கம் எழுதித் தள்ளினான். 1988இல் ஆலை வாசலில் எடுத்த படமொன்றையும் மலரிலிருந்து எடுத்துப் போட்டான். இருபத்திரண்டு பேருக்குப் பெயர் இருந்தது. இடமிருந்து ஏழாவது ஆளுக்கு மட்டும் 'தெரியாது'. கண்வரை இழுத்துவிட்ட தொப்பியின் நிழல் முகத்தை விழுங்கியிருந்தது. 'எல்மபுறூக்கின் ஒரே அதிர்ஷ்டசாலி இவர்தான். வரலாற்றிடமிருந்து தப்பிவிட்டார்' என்று கீழே எழுதினான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

ஞாயிறு தமிழ்ப்பூசை முடிந்து வந்த அம்மா சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னாள்: "அப்பா உன்ரை பேப்பரைக் கோயில் வாசல்லை நிண்டு குடுத்தவர். பத்துக் கொப்பி. பாட்டுக்குழு டெனிஸ் அண்ணைக்கு ரெண்டு."

அப்பா லோறன்ஸ் பஸ் ஓட்டுகிறவர். வந்ததும் குசினிக்குள் போய் மீன் வெட்டத் தொடங்கியிருந்தார்.

"வாசிச்சனீங்களோ அப்பா?"

"ஓம். நல்லா எழுதியிருக்கிறாய். தப்பின ஆளெண்டது சரியான கதை." கத்தியைக் கழுவினார். "படம் எடுத்தாப்பிறகு ஒருத்தன் பேர் எழுதக் கொப்பியோடை வந்தவன். நான் கடதாசிக் கட்டுகளுக்குப் பின்னாலை போய் நிண்டிட்டன். விசா இல்லையெல்லோ. எட்டு மாசம் அங்கை வேலை செய்தனான். பிறகுதான் இஞ்சை வந்தது."

ரிசாந் குசினி வாசலுக்கு வந்தான்.

"ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீ கேட்டனியே?"

குரலில் குற்றமே இல்லை. அடுத்த பஸ் தரிப்பிடத்தின் பெயரைச் சொல்வதுபோல்தான் சொன்னார். ஏசியிருந்தால் நின்று வாதாடியிருக்கலாம்.

"தெரிஞ்சுகொண்டே ஏன் பத்துப் பேருக்குக் குடுத்தனீங்கள்?"

"நீ எழுதினதெல்லோ. படமும் வடிவா வந்திருக்கு."

வகுப்பில் அந்தத் தொப்பிக்காரரைப்போல் தான் நடித்துக் காட்டியது ரிசாந்துக்கு நினைவு வந்தது. தோளைக் குறுக்கிக்கொண்டு நடித்திருந்தான். மீனுக்குமேல் குனிந்து நின்ற அப்பாவின் தோளும் அப்படித்தான் இருந்தது.

"அப்பா, அந்தச் சங்கத்துக்கு உங்கடை பேரை எழுதிப் போடட்டோ?"

லோறன்ஸ் அடுத்த மீனை எடுத்தார். "எழுதன். இப்ப விசா இருக்குத்தானே."

அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். மலரைக் கட்டிலில் விரித்து, விரல் வைத்து இடமிருந்து எண்ணினான். எட்டு வந்தது. பிழை. பின்னால் நின்ற ஒருவனின் தலையையும் சேர்த்து எண்ணியிருந்தான். திரும்ப எண்ணினான். மடிக்கணினியில் எழுதினான்: 'முப்பத்தோராம் பக்கம், இடமிருந்து ஏழாவது ஆள் லோறன்ஸ்.' அது போதாதுபோல் இருந்தது. 'ஊர்காவற்றுறை, கடற்கரை வீட்டு மரியநாயகத்தின் மகன்' என்று சேர்த்தான். ஒற்றைக் கையால்தான் தட்டினான். மற்றக் கையின் விரல் இன்னும் அந்தத் தொப்பியின்மேல் இருந்தது.